அச்சேறும் முன் நடக்கும் வேலை

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்துக்குள் நுழைந்தால் கண் முதலில் மிஷின் மேல்தான் போய் நிற்கும். ஒரு முனையில் தாளை உறிஞ்சித் தூக்கும் ரப்பர் உறிஞ்சிகள், நடுவில் வரிசையாக நான்கு நிற யூனிட்டுகள், மறுமுனையில் மளமளவென்று அடுக்கேறும் வண்ணத் தாள்கள். ஆனால் நான் அதிக நேரம் கவனித்தது அந்தக் கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய அறையைத்தான். இரண்டு மூன்று கணினிகள், சுவரில் ஒட்டிய பழைய மாதிரிகள், மேசையில் புரூஃப் தாள்கள். ஒரு கடையின் நோட்டீஸ் அந்தக் கடைக்கு ஆள் கொண்டுவருமா, தெருவோரக் குப்பையாகுமா என்பது பெரும்பாலும் இந்த அறையிலேயே முடிவாகிவிடுகிறது. கடைக்காரர் விலை பேசுவதோ மிஷினுக்கும் தாளுக்கும். இந்த அறையின் வேலைக்கு விலையே பேசப்படுவதில்லை. நம் ஊர்ச் சிறுதொழில்களின் விளம்பரம் தாளிலும் இணையத்திலும் பலனற்றுப் போவதற்கு இதுவே முதல் காரணம் என்பது என் வாதம்.

சிவகாசியின் வரலாறே இதற்குச் சாட்சி. 1920களில் இங்கே தீப்பெட்டித் தொழில் வேர் பிடித்தது. தீப்பெட்டிக்கும் பின்னர் பட்டாசுக்கும் லேபிள் தேவைப்பட்டது. அந்தத் தேவை அச்சுத் தொழிலை வளர்த்தது. லேபிளில் தொடங்கிய ஊர் இன்று காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம், அட்டைப் பெட்டி, பிட் நோட்டீஸ் என எல்லாவற்றையும் அச்சிடுகிறது. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக் காலண்டரின் ஆல்பம் வெளியாகி, மார்கழி வரை அந்த வேலை ஓய்வதில்லை. தீப்பெட்டி லேபிள் இரண்டு விரல் அகலம்தான். அதற்குள் ஒரு படம், ஒரு பெயர், ஒரு ஊர். எழுத்துத் தெரியாதவரும் படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்கினார். இடம் குறைவாக இருந்ததால் எதை வைப்பது, எதை விடுவது என்று யோசித்தே தீரவேண்டியிருந்தது. இன்றைய நோட்டீஸில் இடம் தாராளம், யோசனைதான் சுருங்கிவிட்டது.

இது ஏன் நேர்கிறது என்பதை ஆஃப்செட்டின் கணக்கே விளக்குகிறது. நான்கு நிறத்தில் அடிக்க நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு அலுமினிய பிளேட்டுகள் வேண்டும். பிளேட்டை ஏற்றி, மை விட்டு, தண்ணீரின் அளவைச் சரிசெய்து, நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் விழும்வரை ஓட்டிப் பார்க்கும் தாள்கள் வீண்தான். இந்தத் தொடக்கச் செலவு ஆயிரம் அடித்தாலும் பத்தாயிரம் அடித்தாலும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே எண்ணிக்கை கூடக் கூட ஒரு நோட்டீஸின் விலை இறங்குகிறது. "இன்னும் கொஞ்சம் பணம் போட்டால் இரண்டு மடங்கு கிடைக்கும்" என்ற கணக்கில் கடைக்காரர் எண்ணிக்கையைக் கூட்டுகிறார். என்ன எழுதுவது என்பதை அச்சகத்திலேயே நின்றபடி பத்து நிமிடத்தில் முடிக்கிறார். அதே ஆஃப்செட் கணக்கு பிழைக்கும் பொருந்தும் என்பதை அவர் நினைப்பதில்லை. தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் அந்தப் பிழையும் பத்தாயிரம் பிரதி ஆகிவிடும். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் 5 கிராம். அதில் பாதி அளவு நோட்டீஸ் பத்தாயிரம் என்றால் 25 கிலோ தாள். ஓர் இலக்கத்தைச் சரிபார்க்காததன் எடை அது.

மிஷின் கூடத்தில் வேலை செய்பவர்களின் திறமையைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒரே உண்மையின் மேல் நிற்கும் தொழில் ஆஃப்செட். பிளேட்டில் படம் இருக்கும் இடம் மையைப் பிடிக்கும். மற்ற இடம் தண்ணீரைப் பிடித்து மையைத் தள்ளும். தண்ணீர் கூடினால் நிறம் வெளிறும், குறைந்தால் வெற்றிடத்திலும் மை படியும். மிஷினை ஓட்டுபவர் அவ்வப்போது ஒரு தாளை உருவி, உருப்பெருக்கியை வைத்து மூலையிலுள்ள குறிகள் பொருந்துகின்றனவா என்று பார்த்து, மைத்திருகைக் கால் சுற்று திருப்புகிறார். காற்றின் ஈரத்துக்கு ஏற்பத் தாள் விரிவதும் சுருங்குவதும் அவர் கணக்கில் இருக்கிறது. கட்டிங்கில் நிற்பவர் கத்தி இறங்கும் இடத்தைக் கண்ணாலேயே அளக்கிறார். மடிக்கும் பெண்களின் கை ஒரே தாளத்தில் ஓடுகிறது. மை, கரைப்பான் வாடை, இரைச்சல், நின்றபடியே கழியும் ஷிஃப்ட் எல்லாவற்றுக்கும் நடுவில் இத்தனை கவனம். இவர்கள் எல்லோரும் தங்கள் கைக்கு வந்ததைச் செம்மையாக்க முடியும். கைக்கு வந்த வாசகம் வெறுமையாக இருந்தால் அதை நிரப்ப முடியாது. நல்ல மிஷின் வெறும் வாசகத்தையும் பளபளவென்று அடித்துத் தரும்.

ஈய எழுத்துக் காலத்தில் ஒரு பாதுகாப்பு இருந்தது. அச்சுக் கோப்பவரின் விரல் வழியாக ஒவ்வோர் எழுத்தும் போகவேண்டும். தலைகீழ் எழுத்தை வாசிக்கப் பழகிய அவர் கையெழுத்துப் பிரதியின் முதல் வாசகராகவும் இருந்தார். ஒற்றுப் பிழையும் லகர ளகர ழகரக் குழப்பமும் அங்கேயே நின்றன. இன்று வாசகம் வாட்ஸ்அப்பில் வருகிறது, அப்படியே நகலெடுத்து ஒட்டப்படுகிறது. யாருடைய கண்ணும் அதை முழுவதுமாகப் படிக்காமலேயே பிளேட்டுக்குப் போக முடியும். கணினியில் பக்கம் அமைக்கும் டிடிபி வேலை செய்பவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. "டிசைன் இலவசம்" என்று விளம்பரப் பலகைகள் சொல்லும்போது அவருடைய உழைப்புக்கு விலை இல்லை என்றே பொருள். ஒரே நாளில் பல வேலைகளை முடித்துத் தரவேண்டியவருக்கு ஒரு செக்கு எண்ணெய்க் கடையின் தனித்தன்மை என்ன என்று கேட்டு எழுத நேரம் எங்கே? அவர் பழைய கோப்பைத் திறந்து பெயரை மாற்றுகிறார். அதனால்தான் எல்லாக் கடையும் "தரமான பொருட்கள், நியாயமான விலை, கனிவான சேவை" என்றே பேசுகின்றன. எல்லோரும் சொல்லும் சொல் யாரையும் கடைக்கு அழைப்பதில்லை.

அதே எண்ணெய்க் கடையை எடுத்துக்கொள்வோம். வாங்க நினைப்பவர் மனத்தில் இருக்கும் கேள்விகள் எளியவை. எள் எங்கிருந்து வருகிறது, வாரத்தில் எந்த நாள் ஆட்டுகிறார்கள், போய்ப் பார்க்கலாமா, லிட்டர் என்ன விலை, வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டுபோகலாமா, எத்தனை மாதம் கெடாது, கடை எந்தக் கோயிலுக்கு எதிரே, எப்போது மூடுவார்கள்? இந்த எட்டுக் கேள்விக்கும் எட்டு வரியில் நேரான பதில் எழுதி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும் சேர்த்தால் அந்த நோட்டீஸை மடித்து அலமாரியில் வைப்பார்கள். அதை எழுதக் கவித்துவம் வேண்டாம். கடைக்காரரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்க ஒருவர் வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் கூலி கேட்கிறேன்.

அந்த எட்டு வரியே இணையத்துக்கும் அடிப்படை. இங்கே நம் தமிழுக்கே உரிய ஒரு தடை குறுக்கிடுகிறது. அச்சகங்கள் பலவற்றில் இன்னும் பழைய எழுத்துருக்களிலேயே வேலை நடக்கிறது. அவற்றில் திரையில் தெரிவது தமிழ். கணினிக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்துகளின் பொருளற்ற கோவை. அந்த எழுத்துருக்களில் "கொ" என்ற எழுத்து கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டாகக் கிடக்கும். யூனிகோடு முறையில் ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னுமாக இருக்கவேண்டும். மாற்றும்போது இந்த வரிசை பிசகினால் சொல்லே உடைந்துவிடும். மாற்றி, படித்து, திருத்த ஆளில்லாததால் பலர் நோட்டீஸைப் படமாக எடுத்து அப்படியே வலையேற்றிவிடுகிறார்கள். அந்தப் படத்துக்குள் இருக்கும் விலையையோ முகவரியையோ தேடுபொறி நம்பகமாக எடுத்துக் காட்டாது. கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி மடங்காது. பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதைப் படித்துச் சொல்லாது. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010இல். அதன் பிறகும் நம் கடைகள் தேடுவோர் கண்ணில் படாமல் இருப்பதற்கு ஒரு நாள் எழுத்து வேலையைச் செய்யாததே காரணம். முதலிலேயே யூனிகோடில் எழுதி, பிழை பார்த்து வைத்துவிட்டால் அதே வாசகம் தாளுக்கும் வலைக்கும் வாட்ஸ்அப்புக்கும் போகும்.

"இன்று தாளை யார் படிக்கிறார்கள், எல்லாம் கைப்பேசியில்தானே" என்று கேட்பவர்கள் உண்டு. தேடுகிறவருக்குக் கைப்பேசி போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு தெருவில் புதிதாக ஒரு கடை திறந்திருக்கிறது என்பதே தெரியாதவர் எதைத் தேடுவார்? அவர் கையில் செய்தித்தாளுக்குள் வைத்து வரும் நோட்டீஸ்தான் முதல் தகவல். முழு விவரமும் இன்றைய விலையும் தாளில் அடங்காது, அதற்கு வலைப்பக்கம். இரண்டையும் இணைக்க 1994இல் ஜப்பானில் பிறந்த க்யூஆர் குறி இருக்கிறது. பணம் செலுத்திப் பழகியதால் நம் மக்களுக்கு அதை விளக்கவும் தேவையில்லை. அதைச் சுற்றி வெள்ளை இடம் விட்டு, போதிய அளவில் அச்சிட்டு, பிளேட்டுக்கு அனுப்பும்முன் இரண்டு மூன்று கைப்பேசிகளில் சோதித்துப் பார்க்கவேண்டும். அதுவும் அந்தச் சிறிய அறையின் வேலைதான்.

சிறிய கடைக்கு இதற்கெல்லாம் பணம் ஏது என்பது இன்னும் கனமான கேள்வி. பத்தாயிரத்துக்குப் பதில் ஆறாயிரம் அடித்தால் மிச்சமாகும் பணம் ஒரு மணி நேர எழுத்துக்கும் பிழைதிருத்தத்துக்கும் போகட்டும் என்பதே என் பதில். தாளும் குறையும், தெருவில் விழும் குப்பையும் குறையும். வண்ணமும் படமும்தான் கண்ணை இழுக்கும் என்பதை மறுக்கவில்லை. இழுத்த கண் அங்கே நிற்பதற்கு ஒரு தகவல் வேண்டும். ஆயத்த வார்ப்புகளும் தானாக எழுதித் தரும் மென்பொருள்களும் வந்துவிட்டனவே என்றால், அவை அடுக்கித் தரும். எள் எந்த ஊரிலிருந்து வந்தது என்பது அவற்றுக்குத் தெரியாது. தெரியாத இடத்தை அழகான பொய்யால் நிரப்பும் ஆபத்தும் உண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். தேர்தல் துண்டுப் பிரசுரத்தில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருந்தே ஆகவேண்டும் என்று 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு சொல்கிறது. அச்சான சொல்லுக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்பதே அதன் உட்பொருள். கடை நோட்டீஸுக்கும் அந்தப் பொறுப்பு வேண்டும். கூலியில்லாத வேலைக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

தொழில் நடத்துபவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை அச்சகத்துக்குப் போகும்போது எத்தனை ஆயிரம் என்று தொடங்காதீர்கள். உங்கள் வாடிக்கையாளர் திரும்பத் திரும்பக் கேட்கும் எட்டுக் கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள். பில்லில் எழுத்துக்கும் பிழைதிருத்தத்துக்கும் தனியாக ஒரு வரி போடச் சொல்லுங்கள், அதற்குரிய தொகையைக் கொடுங்கள். புரூஃபை நின்றபடி பார்க்காமல் வீட்டுக்கு எடுத்துச் சென்று, தொழிலுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, தொலைபேசி எண்ணை ஒருமுறை அழைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். அச்சக உரிமையாளர்களும் "டிசைன் இலவசம்" என்ற பலகையைக் கழற்றிவிட்டு அந்த வேலைக்கு நியாயமான விலையை எழுதி மாட்டட்டும்.