மடுல்சீமையில் மலைப்பாதை ஓட்டம்

மலைப்பாதை நெடுந்தூர ஓட்டம் 42 கிலோமீற்றர் மரதனையும் தாண்டி, தார் வீதியை விட்டு மேட்டிலும் காட்டிலும் ஓடும் பந்தயம். 2003இல் பிரான்ஸின் ஷமோனியில் தொடங்கிய மொன் பிளான் சுற்றோட்டம் ஏறத்தாழ 170 கிலோமீற்றர்; அதன் ஏற்றங்களை மட்டும் கூட்டினாலே 10,000 மீற்றர் வரும். இந்தியாவில் சிக்மகளூர்க் காப்பித் தோட்டங்களூடே மல்நாடு அல்ட்ரா நடக்கிறது. இலங்கையில் ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பெக்கோ பாதை, பழைய தோட்ட வழிகளை இணைத்து உருவானது. அத்தகைய வழிகளுக்கு மடுல்சீமையில் பஞ்சமே இல்லை.

பதுளையிலிருந்து பசறைக்கு வந்து, லுணுகலை வீதியில் சென்று பிரிந்து ஏறினால் மடுல்சீமை. தேயிலை மலைகளைச் சுற்றிச் சுற்றி மெல்ல ஏறும் லொறிப் பாதைதான் இங்கு முதல் பயிற்சிக்களம். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் மணிக்கணக்காக ஓட அது ஏற்றது. பயிற்சியில் பெரும்பகுதி இந்த நிதான ஓட்டமாகவே இருக்க வேண்டும். புதியவர்களுக்கு இதில் பொறுமை இருப்பதில்லை. அவர்களின் காயங்களில் பல அந்த அவசரத்தால் வருபவை. லயத்திலிருந்து ஸ்டோருக்கு நேராக ஏறும் குறுக்கு வேறு ரகம். அந்தச் செங்குத்தில் முழங்காலில் கை ஊன்றி நடப்பதே சிக்கனம். உலகின் முதல்தர ஓட்டக்காரர்களும் அப்படி நடக்கிறார்கள்.

உண்மையான சோதனை இறக்கத்தில்தான். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது. அதில் தசைநார்கள் நுண்ணியதாகச் சிதைவதால், வலி அன்றைக்குத் தெரியாமல் மறுநாளும் அதற்கடுத்த நாளும் உச்சத்துக்கு வரும். ஒருமுறை இப்படி அடிபட்ட தசை, அடுத்த இறக்கத்தில் குறைவாகவே பாதிக்கப்படும். இந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் நிற்பதால், பந்தயத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்னர் நீண்ட இறக்கங்களை ஓடி முடிப்பது நல்லது. கடைசி இரண்டு வாரம் தூரத்தைக் குறைத்துவிட வேண்டும். நெடும்பந்தயத்தில் பலரைப் பாதிவழியில் உட்காரவைப்பது மூச்சல்ல, தொடை. இறங்கும் முறையைக் கற்க ஆசான் தேடி அலையத் தேவையில்லை. கொழுந்தைச் சுமந்து இறங்கும் பெண்கள் எட்டுக் குறுகலாக வைத்து, பாதத்தைப் பார்க்காமல் சில அடி முன்னே பார்த்து வருவதைக் கவனித்தால் போதும்.

மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாச்சத்து உள்ளே போக வேண்டும். தேங்காய் ரொட்டி, வாழைப்பழம், சீனி போட்ட தேத்தண்ணி எல்லாம் உதவும். வெறும் தண்ணீரை மட்டும் அளவுமீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம், உப்பும் வேண்டும்.

தென்மேற்குப் பருவத்தில் மேற்கு மலைகள் நனையும்போது ஊவாவில் காய்ந்த காற்று வீசும். ஜூன் முதல் செப்டெம்பர் வரை பாதை காய்ந்திருக்கும். காற்றுக்கு எதிராக ஏறுவது தனி உழைப்பு. ஒக்டோபர் பிறந்தால் மழை, அட்டை, மண்சரிவு. கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்ட லயங்கள் மண்ணுள் புதைந்தது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி. மழைக்காலத்தில் செங்குத்துச் சரிவுகளைத் தவிர்ப்பதே அறிவு. பிட்டமாருவைப் பக்கத்தில் ‘சின்ன உலக முடிவு’ எனப்படும் மலைவிளிம்பில் நிலம் சட்டென்று முடிந்துவிடும். பனிமூட்டத்தில் அங்கே ஓடவே கூடாது. குளவிக் கூடு தெரிந்தால் சத்தமில்லாமல் திரும்பிவிட வேண்டும்.

இவை தோட்டத்தின் வேலைப் பாதைகள். தோட்ட ஒப்பீஸில் சொல்லிவிட்டு ஓடுங்கள், மருந்தடித்த மலைக்குள் இறங்காதீர்கள், சுமையோடு வருபவர்களுக்கு ஒதுங்கி வழிவிடுங்கள்.