உப்பிலே பெய்த பனி

கிறிஸ்துமஸுக்குத் தூத்துக்குடி போய்வரப் போகிறேன் என்று சொன்னதும் என் வீட்டுக்காரர் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கினார். "எதற்கு?" என்று கேட்கவில்லை, "எத்தனை நாள்?" என்றும் கேட்கவில்லை. "மக்ரூன் எத்தனை கிலோ வாங்கி வருவாய்?" என்றுதான் கேட்டார். திருநெல்வேலிக்கு அல்வா, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால்கோவா, தூத்துக்குடிக்கு மக்ரூன். சில ஊர்களுக்கு இப்படித்தான் ஒரு பட்சணம் அமைந்து, ஊரின் மற்றப் பெருமைகளையெல்லாம் விழுங்கிவிடுகிறது!

நான் கிளம்பியது மக்ரூனுக்காக அல்ல. எங்கள் வீட்டு மாடியில் ஐந்து வருஷம் குடியிருந்த சிநேகிதி ஒருத்தி, புருஷனுக்கு உப்பளத்தில் கணக்கு எழுதும் வேலை கிடைத்துச் சொந்த ஊரோடு போய்விட்டாள். "ஒரு கிறிஸ்துமஸுக்காவது எங்க ஊருக்கு வாங்க அக்கா" என்று வருஷா வருஷம் அழைப்பாள். சென்ற டிசம்பரில்தான் வேளை வந்தது. வெறுங்கையோடு போகலாமா? பட்டணத்தில் பெயர் பெற்ற கடை ஒன்றில் இரண்டு கிலோ 'பிளம் கேக்' வாங்கி, பளபளக்கும் டப்பாவோடு எழும்பூரில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறினேன். அந்த டப்பாவுக்குக் கொடுத்த விலையை என் வீட்டுக்காரரிடம் பாதியாகக் குறைத்துச் சொன்னேன் என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

விடியும் சமயம் வண்டி மணியாச்சியில் நின்றது. 1911-ஆம் வருஷம் ஜூன் 17-ஆம் தேதி வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்ட ஸ்டேஷன் இதுதான். இப்போது காப்பிக்காரர் குரலைத் தவிர வேறு சத்தம் இல்லை. அப்புறம் பனைமரங்கள், செம்மண், வானம். ஊரை நெருங்க நெருங்கக் காற்றில் உப்பு மணம்.

ஸ்டேஷனுக்கு வந்திருந்த சிநேகிதி, வீட்டுக்குப் போகும் வழியிலேயே உப்பளத்தைக் காட்டினாள். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் நம் தமிழ்நாட்டுக்கு; அதில் பெரும் பங்கு தூத்துக்குடி உப்பு. வெள்ளை மலைகளையும், தலையில் கூடை சுமந்து வரிசையாகப் போகும் பெண்களையும் பார்க்கப் போகிறோம் என்று ஆசையாக எட்டிப் பார்த்தேன். பாத்திகள் நிறைய மழைத் தண்ணீர்தான் நின்றது. ஓலையால் மூடிய குவியல்கள் சில ஓரமாக இருந்தன. ஆள் நடமாட்டமே இல்லை.

"ஐப்பசி மழை விழுந்தா உப்பளத்தில வேலை கிடையாதுக்கா. தண்ணியை இறைச்சு, பாத்தியை மிதிச்சு, மறுபடி உப்பு விளையத் தொடங்க மாசி ஆயிரும்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஊரில் உப்பை நம்பிய வீடுகளுக்குக் கிறிஸ்துமஸ் வருவது, கையில் காசே இல்லாத மாதத்தில்! மழைக்காலத்துக்கென்று உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்க அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. ஆனால் மூன்று மாதத்துக்கு அது எந்த மூலைக்கு? சிநேகிதியின் புருஷருக்கும் இந்த மாதங்களில் பாதிச் சம்பளந்தானாம். மடியிலிருந்த கேக் டப்பா திடீரென்று கனத்தது.

வீட்டு வாசலில் அவளுடைய மாமியார் நின்றிருந்தார். எழுபது வயது, வெள்ளைச் சேலை, கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. "வாம்மா, வா" என்று வரவேற்றவர் டப்பாவைப் பார்த்தார். "இவ்வளவு பெரிசா எதுக்கும்மா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குத்தான் முகம் சுருங்கிப் போயிற்று.

அந்த நோட்டுத்தான் அந்தத் தெருவின் கஜானா என்பது பிற்பாடு தெரிந்தது. பத்துப் பெண்கள் சேர்ந்து கிறிஸ்துமஸ் சீட்டு நடத்துகிறார்கள். புது வருஷம் பிறந்ததும் ஆரம்பித்து வாரம் 50 ரூபாய்; ஐம்பது வாரம். டிசம்பர் நடுவில் ஒவ்வொருத்தி கையிலும் 2,500 ரூபாய். வட்டியும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. சிநேகிதி தன் கணக்கை எனக்குக் காட்டினாள். முறுக்குக்கும் முந்திரிக்கொத்துக்கும் 600, மகளுக்குப் பாவாடை சட்டைத் துணி 500 (தையல் வீட்டு மெஷினில்), கேக்குக்கு 450, பண்டிகையன்று கோழிக்கு 350, நட்சத்திரக் காகிதம், மெழுகுவர்த்திக்கு 100. கூட்டிப் பார்த்தேன், 2,000 தான் வந்தது.

"மிச்சம் 500?" என்று கேட்டேன்.

"அது பத்து வாரம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அடுப்படியில் முந்திரிக்கொத்து தயாராகிக்கொண்டிருந்தது. தென்பாண்டிப் பக்கம் கிறிஸ்துமஸுக்கு இது இல்லாமல் முடியாது. பாசிப்பயறை வாசனை வர வறுத்துத் திரித்து, தேங்காயும் எள்ளும் வறுத்துச் சேர்த்து, ஏலம் தட்டிப் போட்டு, வெல்லப் பாகில் உருண்டை பிடிக்கிறார்கள். பிறகு அரிசிமாவுக் கரைசலில் முக்கி, இரண்டு மூன்றாக ஒட்டிக்கொள்ளும்படி எண்ணெயில் போட்டு எடுக்கிறார்கள். "முந்திரிப் பருப்பு எப்போது போடுவீர்கள்?" என்று நான் கேட்டதும் மாமியாரும் மருமகளும் சேர்ந்து சிரித்தார்கள். முந்திரிக்கொத்தில் முந்திரியே கிடையாதாம்! பழைய தமிழில் முந்திரி என்றால் திராட்சை அல்லவா? அந்தக் குலை போல் இருப்பதால்தான் இந்தப் பெயர் போலிருக்கிறது. பத்துப் பதினைந்து நாள் கெடாது. சிக்கனத்துக்கு இதைவிட நல்ல பட்சணம் நான் பார்த்ததில்லை.

கேக் செய்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளுக்கும் உதவும். பேரீச்சம்பழம், உலர் திராட்சை, பப்பாளிக்காயில் செய்த 'டூட்டி புரூட்டி', காயவைத்த ஆரஞ்சுத் தோல் இவற்றைப் பொடியாக நறுக்கி, ஆரஞ்சுச் சாற்றில் முதல் நாளே ஊறப் போட்டுவிட்டாள். நாலு கரண்டிச் சர்க்கரையைக் கருஞ்சிவப்பாகக் காய்ச்சி, தள்ளி நின்று வெந்நீர் விட்டுக் கரைத்தாள். கடைக் கேக்கின் நிறம் அதிலேயே வந்துவிட்டது. கால் கிலோ மைதா, கால் கிலோ சர்க்கரை, நாலு முட்டை, வெண்ணெய்க்குப் பதில் ஒரு டம்ளர் எண்ணெய், பட்டை கிராம்புப் பொடி. அடுப்புப் பெட்டி கிடையாது. அடி கனத்த பெரிய பாத்திரத்தில் இரண்டு அங்குலம் கல்லுப்பைப் பரப்பி, அதன் மேல் ஒரு வளையம் வைத்து, மூடிப் பத்து நிமிஷம் காயவிட்டுக் கேக் தட்டை உள்ளே இறக்கினாள். சிறு தீயில் ஒரு மணி நேரம். ஈர்க்குச்சியைக் குத்திப் பார்த்தால் மாவு ஒட்டவில்லை. அந்த உப்பை ஆறவைத்து டப்பாவில் போட்டால் அடுத்த கேக்குக்கும் ஆகுமாம்; சமையலுக்கு ஆகாது.

பன்னிரண்டு வயது மகள் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூங்கில் சிம்பில் வண்ணக் காகிதம் ஒட்டி அப்பா செய்த நட்சத்திரம் வாசலில் தொங்கியது; எதிர் வரிசையிலோ கடையில் வாங்கிய மின்சார நட்சத்திரம் கண் சிமிட்டியது. கூடத்து மூலையில் குடில். பத்து நாளைக்கு முன்பு தேங்காய்ச் சிரட்டைகளில் விதைத்த நெல்லும் கம்பும் பச்சைப் பசேலென்று முளைத்து, புல்வெளியாகியிருந்தன. "பனிக்குப் பஞ்சு வாங்கலையே அம்மா" என்பதுதான் பெண்ணின் குறை. "நான் வாங்கித் தருகிறேன், நட்சத்திரமும் வாங்கலாம்" என்று பர்ஸைத் திறந்தேன்.

சிநேகிதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்க்கா. இன்னைக்கு நீங்க வாங்கிக் கொடுப்பிய. அடுத்த வருஷம் அவ சீட்டுப் பணத்தைப் பார்த்து அழுவா."

பர்ஸை மூடினேன்.

அன்று சாயங்காலம் பனிமய மாதா கோயிலுக்குப் போனோம். முத்துக் குளிக்கும் கரைக்குப் பிரான்சிஸ் சவேரியார் வந்தது 1542-இல். அந்தக் கடற்கரை மக்கள் கொண்டாடும் தாய் இவள். 1982-இல் இந்தக் கோயில் பசிலிக்கா என்னும் தகுதி பெற்றது. ஆகஸ்டு 5-ஆம் தேதி திருநாள். ரோமாபுரியில் ஆகஸ்டு மாத வெயிலில் பனி பெய்து கோயில் கட்டவேண்டிய இடத்தைக் காட்டியது என்பது ஐதிகம். அதனால்தான் பனிமய மாதா. பனியே பெய்யாத ஊருக்குப் பனியின் பெயரால் ஒரு தாய்!

திரும்பி வரும்போது பெரியம்மா 2023-ஆம் வருஷக் கதையைச் சொன்னார். டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழை அது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை மீறிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொள்ள, சுமார் 800 பிரயாணிகள் தவித்தார்கள். தங்களுக்கே வழியில்லாத புதுக்குடி கிராமத்து ஜனங்கள் அவர்களுக்குப் பொங்கிப் போட்டார்கள்.

"இந்த வீட்டில இடுப்பளவு தண்ணி. சீட்டுப் பணத்தில வாங்கின மாவு, சர்க்கரை, பிள்ளைக்குத் துணி, எல்லாம் கீழ்த் தட்டில இருந்துச்சு. ஒண்ணும் மிஞ்சலை. எதிர் வீட்டு சாயபு வீட்டு மாடியில நாலு குடும்பம். கிறிஸ்துமஸ் அன்னைக்கு அந்த அம்மா ஒரு அண்டா கஞ்சி காய்ச்சினா. குடிலும் இல்ல, கேக்கும் இல்ல. ஆனா பிள்ளை பிறக்கலைன்னு சொல்ல முடியுமா?"

நான் ஒன்றும் பேசவில்லை. அசிசி நகர் பிரான்சிஸ், கிரெச்சோ என்ற சிற்றூரில் வைக்கோலும் மாடும் கழுதையும் வைத்து முதல் குடிலை அமைத்துக் காட்டியது 1223-இல். பிள்ளை எத்தனை ஏழ்மையில் பிறந்தது என்று ஜனங்கள் கண்ணால் பார்க்கட்டும் என்பதே அவர் எண்ணம். 2023 வெள்ளத்தோடு அதற்கு 800 வருஷம் பூர்த்தி என்பது நினைவுக்கு வந்தது.

மறுநாள் 24-ஆம் தேதி. என் கேக் டப்பாவுக்கு விமோசனம் கிடைத்தது. பெரியம்மா அதை அளவாக இருபது துண்டு போட்டார். தட்டுகளில் ஆளுக்கு இரண்டு துண்டும், நாலு முந்திரிக்கொத்தும், முறுக்கும் வைத்து, பத்து வீடுகளுக்கு மகள் கொண்டு போனாள். தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது அந்தத் தெருவின் வழக்கம். சாயபு வீட்டுத் தட்டில் சர்க்கரை வந்தது. பிள்ளையார் கோயிலை ஒட்டிய வீட்டிலிருந்து வாழைப்பழம். கடைசி வீட்டுத் தட்டு மட்டும் வர நேரமாயிற்று. அங்கே இருப்பவள் உப்பளத்தில் வேலை செய்யும் பெண், புருஷன் இல்லை, இரண்டு குழந்தைகள்.

இருட்டும் முன் அவளே தட்டைக் கொண்டு வந்தாள். நிறையக் குவித்து, வெள்ளை வெளேரென்று உப்பு! "பருவ முடிவில எடுத்து வெச்சதும்மா. வேற ஒண்ணும் இல்ல" என்றாள்.

சிறு பெண் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். திடீரென்று "அம்மா, பனி!" என்று கத்திவிட்டாள். அவ்வளவுதான்; குடிலின் கூரையிலும், மேய்ப்பர் நின்ற மேட்டிலும் அந்த உப்பைத் தூவினார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒவ்வொரு பரலும் மின்னியது. பஞ்சில் இந்த மினுமினுப்பு ஏது? கொடுத்தவள் வாசற்படியில் நின்றபடியே பார்த்துச் சிரித்தாள்.

அவள் கிளம்பும்போது பெரியம்மா நோட்டைப் பிரித்தார். "ஏட்டி, உன் பேர்ல பத்து வாரம் வரவு வெச்சிருக்கேன். மாசியில வேலை தொடங்கினதும் பதினோராவது வாரத்திலிருந்து நீ கட்டு" என்றார்.

எனக்கு இப்போதுதான் கணக்குப் புரிந்தது. பத்து ஐம்பது ஐந்நூறு! வேலையில்லாத தை மாதத்தில் பணம் கட்ட முடியாமல் அவள் சீட்டை விட்டு விலகிவிட்டால், அடுத்த கிறிஸ்துமஸ் அவளுக்கு வராது. தானம் என்று கையில் கொடுத்தால் வாங்க மாட்டாள். வரவு என்று எழுதினால் மறுக்க முடியாது.

நள்ளிரவுத் திருப்பலிக்குப் போய்த் திரும்பி, குழந்தை யேசுவைக் குடிலில் வைத்தபோது மணி இரண்டு இருக்கும். காலையில் பார்த்தேன். டிசம்பர் ஈரத்தில் உப்பு லேசாகக் கசிந்து, கூரை ஓரத்தில் ஒரு சொட்டு நின்றது. "உருகினால்தானே பனி!" என்றாள் அந்தப் பெண், பெருமையாக.

ஊர் திரும்பும்போது கால் கிலோ மக்ரூன் வாங்கினேன். முட்டையின் வெள்ளைக் கருவையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, முந்திரிப் பொடி சேர்த்துச் சிறு சூட்டில் உலர்த்திய அந்தக் கூம்புகள் வாயில் போட்டதும் கரைந்துவிடும். "கால் கிலோதானா?" என்று என் வீட்டுக்காரர் அலுத்துக்கொண்டார்.

"தெருவில் தீபாவளிச் சீட்டு ஒன்று ஆரம்பிக்கப் போகிறேன். உங்கள் பங்கு வாரம் 50 ரூபாய்" என்றேன். அவர் மறுபடியும் பத்திரிகைக்குள் தலையை விட்டுக்கொண்டார். ஆனால் சட்டைப் பையிலிருந்து கை மட்டும் வெளியே வந்தது.