வேலியில் ஏற்ற ஒரு கொடி

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மண்ணால் கட்டியது. 1801-இல் அதைத் தாக்க வந்த கம்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ், பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் மண்மதிலோடு சேர்த்து, சுற்றியிருந்த அடர்ந்த முள்வேலியையும் மறக்காமல் சொல்கிறார். கோட்டையைத் தரைமட்டமாக்கி விட்டார்கள். இன்று சுற்றுலா வருகிறவர்கள் பார்ப்பது 1974-இல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை.

வேலியை அப்படி நம்பிய ஊர்ப்பக்கம் இப்போது கல்தூணும் முள்கம்பியும்தான். பச்சை வேலி வைத்திருக்கிற சிலரும் அதில் பூங்கொடி ஏற்றத் தயங்குகிறார்கள். வேலி பட்டுப்போகும் என்று பயம். பயத்தில் நியாயம் இருக்கிறது. கொடுக்காப்புளி வேலியில் காகிதப்பூவையோ ரங்கூன் மல்லியையோ ஏற்றினால், சில மழைக்காலத்துக்குள் கொடி கட்டையாகத் தடித்து, வேலிக்கு வெயில் விழாமல் மூடிவிடும். வெளியே நின்று பார்த்தால் பூக்குவியல். கையை விட்டு விலக்கினால் உள்ளே வெறும் சுள்ளி.

வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கிற வேலிக்கு, மழையோடு வந்து கோடையில் ஒதுங்கிக்கொள்கிற கொடிதான் பொருத்தம். கரிசலுக்கு என் முதல் ஓட்டு சங்குப்பூவுக்கு. விதையை ஊன்றினால் போதும், பிழைத்துக்கொள்ளும். பயறு வகை என்பதால் வேர்முடிச்சுகள் காற்றிலிருக்கும் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். வேலியின் பங்கை அவ்வளவாகப் பிடுங்காது.

அழகு வேண்டுமென்றால் செங்காந்தள். நம் மாநில மலர். ஆனால் அதைப் படத்தில் மட்டும் பார்த்தவர்களே அதிகம். இதற்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே நூலாக நீண்டு, பக்கத்தில் அகப்பட்ட குச்சியைச் சுருளாகச் சுற்றிப் பிடிக்கும். வழவழப்பான சுவரில் அதற்கு வேலையில்லை. மெல்லிய குச்சிகள் நிறைந்த வேலிதான் அதற்கு ஏணி. பூ விரியும்போது ஆறு இதழும் பின்னால் வளைந்துகொள்ளும். மஞ்சளில் தொடங்கி நாளாக ஆகச் சிவப்பேறும். சூல்தண்டு மட்டும் அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும்.

மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிகள் இதைக் கண்வலிக்கிழங்கு என்று வயலிலேயே போட்டு, கம்பிப்பந்தலிலும் முள்கிளுவை, விராலி போன்ற செடிகளிலும் படரவிடுகிறார்கள். விதையிலிருந்து கீல்வாத மருந்துக்கான கோல்ச்சிசின் எடுக்கிறார்கள். வீட்டு வேலிக்கு விராலியைப் பரிந்துரைப்பேன். கிளுவை கோடையில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். தூத்துக்குடி உப்புக்காற்று படுகிற இடமென்றால் சங்கங்குப்பிதான் தாங்கும்.

கரிசலில் காந்தளுக்கு ஒரு சங்கடம் உண்டு. ஐப்பசி அடைமழையில் தண்ணீர் கட்டினால் கிழங்கு அழுகிவிடும். செம்மண்ணும் மணலும் கலந்து வேலியோரம் ஒரு வரப்பு உயர்த்தி, அதன் மேல் ஊன்ற வேண்டும்.

இனி கத்திரி. வேலியைக் கண்டால் சிலருக்குக் கை சும்மா இருக்காது, வாராவாரம் சமன்படுத்துவார்கள். எங்கள் தெருப் பெரியப்பா ஒருவர் சொல்வார்: “ஏல, பூக்குற கொடிய ஏத்திட்டு வேலிக்குக் கிராப்பு வெட்டலாமா? ஆடியோட முடிச்சிரு. பொறவு தைக்குத்தான் அருவாள எடுக்கணும்.” இதைவிடச் சுருக்கமான பாடம் எந்தத் தோட்டக்கலைப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. ஆடியில் வெட்டிய வேலி துளிர்க்கவும், மழையில் கொடி முளைத்து ஏறவும் சரியாக இருக்கும். தையில் கொடி காய்ந்ததும் சருகை உருவிவிட்டு வேலியை ஒழுங்கு செய்யலாம். கிழங்கு மண்ணுக்குள் அடுத்த மழைவரை தூங்கட்டும்.

ஒரே ஒரு எச்சரிக்கை: காந்தள் செடி முழுக்க நஞ்சு, கிழங்கு கடும் நஞ்சு. ஆடு மாடு வாய் வைக்கிற தெருப்பக்கம் நடாதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீடென்றால் சங்குப்பூவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.