தோட்டத்து வீட்டுக்கு ஒரு சைரன்

கொங்குப் பகுதியில் தோட்டத்துக்குள்ளேயே வீடு கட்டிக் குடியிருப்பது வழிவழியாக வந்த பழக்கம். கிணறு, கட்டுத்தரை, களம், நாலு தென்னை, நடுவே வீடு. பக்கத்து வீடு பெரும்பாலும் கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் இருக்கும். பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போய்விட, வயதான இருவர் மட்டும் இருக்கும் தோட்டங்கள் இன்று ஏராளம். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் இப்படி ஒரு வீட்டில் மூன்று பேரைக் கொன்றார்கள். 2025-ல் சிவகிரி அருகே ஒரு முதிய தம்பதி. அதன் பிறகு காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் நான் போன தோட்டங்களில் எல்லாம் சுவரில் கேமரா கண்ணில் பட்டது.

கேமரா இருந்தால் போதுமா? பதிவான படம் மறுநாள் போலீஸுக்கு உதவும். பெங்களூரில் இருக்கும் மகனின் செல்போனுக்குத் தகவல் போகும். அவன் அயர்ந்து தூங்கினால் அதுவும் இல்லை. அந்த நேரத்திலேயே, அந்த இடத்திலேயே ஏதாவது நடக்க வேண்டுமானால் கேமராவோடு விளக்கும் சைரனும் சேர வேண்டும். அதைச் செய்கிற இருவரோடு காங்கேயம் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போனேன்.

மூத்தவருக்கு நாற்பது தாண்டியிருக்கும். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்து, பல ஆண்டுகள் மோட்டார் ஸ்டார்ட்டர் வேலை பார்த்துவிட்டுக் கேமரா வேலைக்கு வந்தவர். இந்த வழியில் வந்தது பெரிய பலம். கேமரா மாட்டும் இளைஞர்கள் பலர் செல்போன் கடையிலிருந்தும் கம்ப்யூட்டர் கடையிலிருந்தும் வந்தவர்கள். 12 வோல்ட்டில் பழகியவர்கள். வயர்மேன்கள் 230 வோல்ட்டில் பழகியவர்கள். கேமராப் படத்தைப் பதிவு செய்யும் என்.வி.ஆர். பெட்டியைத் தொடத் தயங்குவார்கள். சைரனும் ஃப்ளட் லைட்டும் இந்த இரண்டு தொழிலுக்கும் நடுவே கிடக்கின்றன. தப்பு நடப்பதும் அங்கேதான்.

என்.வி.ஆரின் பின்பக்கம் பச்சை நிறத்தில் சின்னச் சின்னத் திருகுகள் வைத்த ஒரு பகுதி இருக்கும். ‘அலாரம் அவுட்’ என்று போட்டிருக்கும். உள்ளே ஒரு குட்டி ரிலே. அது கரன்ட் எதுவும் தராது. இரண்டு கம்பியைச் சேர்க்கும் அல்லது பிரிக்கும், அவ்வளவே. அது தாங்கும் கரன்ட்டும் மிகக் குறைவு. அதிலேயே 230 வோல்ட்டை விட்டு நாலு 50 வாட் ஃப்ளட் லைட்டை நேராகக் கோத்துவிடுகிறவர்கள் உண்டு. எல்.இ.டி. விளக்கு எரியத் தொடங்கும் கணத்தில் பல மடங்கு கரன்ட் இழுக்கும். ரிலேயின் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; விளக்கு அணையவே அணையாது. இப்படிக் கருகிய போர்டு ஒன்றை மூத்தவர் தன் வண்டியிலேயே வைத்திருக்கிறார், புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்குக் காட்ட.

அவர் செய்வது வேறு. சுவரில் தனிப் பெட்டி. அதற்குள் 12 வோல்ட் ரிலே. அதன் வழியாக ஒரு கான்டாக்டர். என்.வி.ஆர். ரிலேயை மட்டும் அசைக்கும், ரிலே கான்டாக்டரை அசைக்கும், விளக்கின் சுமையைக் கான்டாக்டர் சுமக்கும். ரிலே காயிலின் இரண்டு முனைக்கும் குறுக்கே அரிசி அளவில் ஒரு கறுப்பு டயோடைப் பற்ற வைத்தான் உதவியாளன். அதன் ஒரு ஓரத்தில் வெள்ளிக் கோடு.

“அண்ணா, கோடு ப்ளஸ் பக்கமா?”

“ப்ளஸ் பக்கந்தான்டா. மாத்திப் போட்டா அடாப்டர் ஷார்ட் ஆயிரும்.”

காயிலுக்குப் போகும் கரன்ட்டை நிறுத்தியதும் அதில் தேங்கியிருந்த காந்த சக்தி எதிர்த் திசையில் ஒரு பெரிய வோல்ட்டேஜாகக் குதிக்கும். டயோடு இல்லாவிட்டால் அந்த அடி என்.வி.ஆருக்குள் இருக்கும் ரிலே முனைகளில் விழும். ஒன்றிரண்டு ரூபாய்ப் பொருள். பார்த்த பல வீடுகளில் அது இருந்ததில்லை என்றார் மூத்தவர்.

சைரனை வீட்டுச் சுவரில் மாட்டச் சொன்னார் தோட்டத்துக்காரப் பெரியவர். மூத்தவர் ஒத்துக்கொள்ளவில்லை. சத்தம் பக்கத்துத் தோட்டத்துக்குப் போக வேண்டும்; எனவே 80 மீட்டர் தள்ளி மோட்டார் ரூம் மேலே இருக்கட்டும் என்றார். அங்கேதான் கணக்கு வருகிறது. அரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 80 மீட்டர் போய்த் திரும்பினால் ஏறத்தாழ 6 ஓம் தடை. சைரன் அரை ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 3 வோல்ட் போய்விடும். 9 வோல்ட்டில் சைரன் முனகும். அலுமினியத்தில் செம்பு பூசிய மலிவுக் கேபிள் என்றால் இன்னும் மோசம். ஆகவே 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி, சார்ஜர், சைரனுக்கான ரிலே மூன்றையும் மோட்டார் ரூமுக்கே கொண்டுபோய்விட்டார். நீளமான ஒயரில் போவது ரிலே காயிலுக்கான 30 மில்லி ஆம்பியர் மட்டுமே. அதில் இழப்பு கால் வோல்ட்கூட இல்லை. ஃபியூஸைப் பிடுங்கினாலும் பேட்டரியில் சைரன் கத்தும்.

அந்த ஒயரையே அறுத்துவிட்டால்? ரிலே எப்போதும் இழுபட்டே நிற்கும்படி வைத்து, ரிலே விட்டால் சேரும் என்.சி. முனையில் சைரனைக் கோத்தார். ஒயர் அறுந்தால் ரிலே விடும், சைரன் அலறும். எலி கடித்தாலும் அலறும் என்பதால் முழு நீளத்துக்கும் பைப் போட்டார்கள், மோட்டாரின் த்ரீ ஃபேஸ் கேபிளிலிருந்து தள்ளியே. வீட்டுப் பக்கம் அதே சுற்றில், கட்டில் தலைமாட்டில், சாதாரண சுவிட்ச் ஒன்று. அதைத் தட்டினால் சுற்று அறும். என்.வி.ஆர். கெட்டுப்போயிருந்தாலும், இன்டர்நெட் இல்லாவிட்டாலும், அந்த வீட்டு அம்மாவின் கைக்கு எட்டும் தூரத்தில் சைரன் இருக்கிறது. இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிக மதிப்பாகப் பட்டது இந்தச் சுவிட்ச்தான்.

இப்படி ஒரு சுவிட்ச் புதிய யோசனை அல்ல. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற நர்ஸ் இருந்தார். கணவர் எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன். இரவில் வீட்டில் தனியாக இருக்க நேர்ந்ததாலும், போலீஸ் வரத் தாமதமானதாலும், வாசலைக் கேமராவில் பார்த்து, ஆபத்தென்றால் பொத்தானை அழுத்தி எச்சரிக்கும் அமைப்பை இருவரும் சேர்ந்து உருவாக்கினார்கள். 1966-ல் விண்ணப்பித்து 1969-ல் காப்புரிமை பெற்றார்கள். வீட்டுக் கேமராவின் தொடக்கத்திலேயே தனியாக இருக்கும் ஒருவரின் கைக்கு ஒரு பொத்தான் கொடுத்திருந்தார்கள். இன்று விலைப்பட்டியலில் கடைசியில் எழுதி, பேரம் பேசும்போது முதலில் அடிக்கப்படுவது அதுதான். இது எனக்கு வருத்தம் தருகிறது.

ஒயர் வேலை மதியத்துக்குள் முடிந்தது. மீதி நேரம் முழுக்க, சைரனை எப்போது கத்தவிடக் கூடாது என்பதிலேயே போயிற்று. அந்த அம்மா முன்பே சொல்லியிருந்தார்: “ஏஞ்சாமி, போன தடவ ஒருத்தங்க மாட்டுனது ராத்திரியெல்லாம் கத்தீட்டே கெடந்துச்சு. நாந்தான் ஒயரப் புடுங்கி உட்டுட்டேன்.” முன்பு மாட்டியவர்கள், எது அசைந்தாலும் சைரன் என்று வைத்திருந்தார்கள். தோட்டத்தில் எதுதான் அசையாது? மயில் இறங்கும், பூனை போகும், தென்னை மட்டை விழும். கேமராவின் இன்ஃப்ராரெட் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும். பூச்சிக்குச் சிலந்தி வரும். லென்ஸ் முன்னால் ஆடும் ஒரே ஒரு வலைநூல் இரவெல்லாம் சைரனை அலறவிடப் போதும்.

மூத்தவர் விளக்கையும் சைரனையும் இரண்டு தனி அலாரம் அவுட்டில் பிரித்தார். களத்தில் ஆள் நடமாட்டம் தெரிந்தால் விளக்கு மட்டும். வீட்டைச் சுற்றித் திரையில் கீறிய கோட்டை ஆள் தாண்டினால்தான் சைரன், அதுவும் இரவு பதினொன்றிலிருந்து நாலரை வரைதான்.

“நாலரைக்கு மேல நீங்க பால் கறக்க வருவீங்கல்லீங்ம்மா?”

“நாலே முக்காலுக்குக் கட்டுத்தரைக்கு வந்துருவேன் கண்ணு.”

பிறகு உதவியாளனை நடக்கவிட்டார்கள். நேராக, குனிந்து, துண்டைப் போர்த்திக்கொண்டு. தவழ்ந்து வந்தபோது கேமரா அவனை ஆளாகக் கணக்கில் எடுக்கவில்லை. ஏணி போட்டுக் கேமராவைக் கீழே சரித்து, ஆளுக்கென்று வைத்திருந்த குறைந்தபட்ச அளவைக் குறைத்தார் மூத்தவர். மறுபடி தவழச் சொன்னார். முழங்கால் சிவக்கும்வரை அந்தப் பையன் அலுக்காமல் செய்தான். யாரும் கூலியில் சேர்க்காத உழைப்பு அது.

பொழுது சாய்ந்ததும் அக்கம்பக்கத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, அந்த அம்மாவையே சுவிட்சைத் தட்டச் சொன்னார். ஒரு மீட்டரில் 110 டெசிபல் என்றால் 400 மீட்டரில் 58 டெசிபல் வரை இறங்கும். அது திறந்தவெளிக் கணக்கு, காற்றும் மரமும் சேராத கணக்கு. கிழக்குத் தோட்டத்திலிருந்து உடனே போன் வந்தது: “நல்லாக் கேக்குதுங்க.” தெற்கே சோளக்காட்டுக்கு அப்பால் இருப்பவர் கேட்கவில்லை என்றார். மூத்தவர் ஏணியில் ஏறிச் சைரனைக் கொஞ்சம் தெற்கே திருப்பினார். இப்போது கேட்கிறது, ஆனால் கதவைச் சாத்தினால் கேட்காது என்றார் அவர். தெற்குப் பக்கம் பார்த்து இரண்டாவது சைரன் வைக்க வேண்டும் என்று மூத்தவர் பெரியவரிடம் சொன்னார். பேட்டரி தாங்குமா என்று பெரியவர் கேட்க, இரண்டும் சேர்ந்தால் ஒரு ஆம்பியர், மணிக்கணக்கில் தாங்கும் என்று அங்கேயே விளக்கிவிட்டு, அடுத்த நாள் கிளாம்பும் கேபிளும் எவ்வளவு வேண்டும் என்று உதவியாளனைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.