பிடுங்கி எறிந்த அருகு



ஓய்வு பெற்று, டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, போன வருடம் ஆனியில் இந்திரா நகர்ப் பக்கம் சொந்த வீட்டுக்கு வந்தோம். முன்வாசலில் வெறும் செம்மண். ஐப்பசி மழையில் அது கரைந்து கேட்டைத் தாண்டி ஓடியது. வாசலெல்லாம் சிவப்புச் சேறு.

லண்டனில் இருக்கும் மகன் வீடியோ காலில் பார்த்தான். "அப்பா, ரை புல் விதைங்க. இங்கெல்லாம் குளிர்லயும் அது பச்சையா இருக்கும்" என்றான். ஆன்லைனில் விதை வரவழைத்தேன். மண்ணைக் கொத்தி, அங்கங்கே கிடந்த அருகம்புல்லை வேரோடு பிடுங்கி எறிந்தேன். "பிள்ளையாருக்கு வைக்கிறதைப் பிடுங்குறீங்களே" என்று வீட்டம்மா சொன்னது காதில் ஏறவில்லை.

கார்த்திகைக் கடைசியில் விதைத்தேன். எட்டாம் நாள் முளைத்தது. மார்கழி முழுக்க வாசல் பச்சைப்பசேல். போட்டோ எடுத்து இங்கேயும் போட்டேன், உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பொங்கல் கழிந்து வெயில் ஏறியதும் நுனி பழுத்தது. மாசி மகத்துக்குள் எல்லாம் வைக்கோல்.

இத்தனைக்கும் நான் உயிரியல் வாத்தியார்! சி3, சி4 தாவரங்கள் பாடத்தை எத்தனை வருடம் நடத்தியிருப்பேன்! ரை புல் சி3. 15 முதல் 24 டிகிரி வரை செழிக்கும், 30-ஐத் தாண்டினால் சோர்ந்துவிடும். அருகு சி4, வெயில்தான் அதற்குத் தெம்பு. வடநாட்டுக் குளிரில் அருகு பழுத்து உறங்கிவிடும். அதனால் அங்கே கோல்ஃப் மைதானங்களில் அதன்மேல் ரை விதை தூவுகிறார்கள். நெய்வேலியில் மார்கழி இரவே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இங்கே அருகு உறங்குவதில்லை.

அந்த மாசியில் பழைய மாணவன் ஒருவன், மகள் மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் பத்திரிகை வைக்க வந்தான். இப்போது சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. காய்ந்த புல்லைப் பார்த்துச் சிரித்தான்.

"எங்க நிலம் வெறுமனே கிடந்து நான் பார்த்ததில்ல சார். சம்பா அறுப்புக்குப் பத்து நாள் முன்னாடியே அப்பா நெல்லுக்குள்ள உளுந்து தெளிச்சிருவாரு. கதிர் அறுத்தா கீழ உளுந்து முளைச்சு நிக்கும். ஈரமும் பனியுந்தான் அதுக்குத் தண்ணி."

கொஞ்சம் நிறுத்தினான். "இப்ப சுரங்கத்துக்குள்ள அந்த இடம் எதுன்னு காட்டத் தெரியல சார்."

1957-இல் வெட்டத் தொடங்கிய பூமி இது. ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் மேல் மண்ணை அகற்ற வேண்டும். அந்த மண்தான் ஊரைச் சுற்றி மேடுகளாக நிற்கிறது. மேடுகளில் மரம் வைக்கிறார்கள். "மழை வாய்க்கா போட்டுடும் சார். புல்லு புடிச்ச இடந்தான் நிக்கும்" என்றான்.

என் வகுப்பறை மின்விசிறி அந்த நிலக்கரியில்தான் சுற்றியது. அவனுக்கு மூன்று வருடம் பாடம் நடத்தினேன். உங்கள் நிலம் என்ன ஆனது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

கிளம்பும்போது குழாயடியில் குனிந்து காட்டினான். நான் பிடுங்கியதில் தப்பிய அருகு, கணுவுக்குக் கணு வேர் விட்டிருந்தது. "இதை மட்டும் விட்டுடுங்க சார்."

விட்டேன். இந்த ஐப்பசி மழையில் வாசலில் சேறு இல்லை. பிள்ளையாருக்கும் குறையில்லை.

உங்கள் ஊரில் அறுப்புக்கு முன் வயலில் என்ன தெளிப்பார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள். தெரியாதவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.