கோலுக்கும் ஓர் அளவு உண்டு

ஆஸ்லோ, பிப்ரவரி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அடுத்த மாதம் நீ வருவது உறுதி என்று படித்ததும் மனம் நிறைந்தது. மணாலியில் உன் அண்ணன் பயன்படுத்திய பனிச்சறுக்குக் கோல்களை எடுத்து வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

மணாலிக்கு அருகே சோலாங்கில் சறுக்குகிறவர்கள் மேலிருந்து கீழே இறங்குகிறார்கள். அங்கே உடலை இழுத்துப்போவது சரிவு. திரும்பும் தருணத்தில் பக்கவாட்டில் லேசாகக் குத்தித் தாளம் பிடிக்கத்தான் கோல். ஆகவே அது குட்டை. ஆள் உயரத்தில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு. கோலைத் தலைகீழாக்கி, நுனியருகே இருக்கும் வட்டுக்கு அடியில் பிடித்து நிற்க வேண்டும். முழங்கை செங்கோணமாக மடிந்தால் அளவு சரி. வட்டுக்குக் கீழுள்ள நுனி பனியில் புதைந்துவிடும் என்பதால்தான் இப்படி அளக்கிறார்கள். கோல் நீண்டுவிட்டால் உடல் பின்னால் சாயும். திருப்பம் கட்டுப்பாட்டில் இருக்காது.

ஆஸ்லோவின் கதை வேறு. நகரின் வடக்கு எல்லையிலேயே நூர்மார்க்கா காடு தொடங்குகிறது. மெட்ரோவின் முதலாம் தடத்தில் ஏறினால், ஸ்கீ பலகைகளைத் தோளோடு அணைத்தபடி நிற்கும் குடும்பங்களோடு ஃப்ரோக்னர்செத்தரன் வரை போகலாம். பாதை சமமாக ஓடும், ஏறும், இறங்கும். இங்கே உன்னை முன்னால் தள்ளுவது உன் காலும் கையும்தான். கை நெடுந்தொலைவு பின்னுக்குத் தள்ள வேண்டுமானால் கோலும் நீளமாக இருக்க வேண்டும்.

இரண்டு நடைகள் உண்டு. பனியில் பதித்த இணைத் தடங்களில் கையும் காலும் மாற்றி மாற்றிப் போவது கிளாசிக். அதற்கு உயரத்தில் 83 முதல் 85 சதவீதம். தரையில் ஊன்றினால் கோல் தோள்மட்டத்துக்கு வரும். பலகைகளை விரித்து இருபுறமும் உதைத்துப் போவது ஸ்கேட்டிங். அதற்கு ஏறக்குறைய 90 சதவீதம். கோல் மோவாயைத் தொடும். உன் 160 செ.மீ. உயரத்துக்குக் கிளாசிக் கோல் 133 செ.மீ.யை ஒட்டியும் ஸ்கேட்டிங் கோல் 144 செ.மீ.யை ஒட்டியும் இருக்கலாம். அண்ணன் உன் உயரமே என்றாலும் அவருடைய கோல் 110, 115 செ.மீ.தான் இருக்கும். அதை ஊன்றிக் காட்டுக்குள் போனால் குனிந்து குனிந்து முதுகு வலிக்கும்.

இந்த அளவு போட்டிகளில் சட்டமாகவே ஆகியிருக்கிறது. இரு கோல்களையும் ஒருசேர ஊன்றி, காலால் உதைக்காமல் கைபலத்தாலேயே முழுத் தொலைவையும் கடக்கும் வழக்கம் வீரர்களிடையே வளர்ந்தது. கோல் நீள நீள அதற்கு வசதி. இப்படியே போனால் கிளாசிக் நடையே அழிந்துவிடும் என்ற கவலையில், சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு 2016-17 பருவத்தில் வரம்பு வகுத்தது: கிளாசிக் போட்டியில் கோல், காலணியோடு அளந்த உயரத்தில் 83 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு நடையின் அழகைக் காக்க சென்டிமீட்டர் கணக்குப் பார்க்கிறார்களே, அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நல்ல மரபுகளை இப்படித்தான் காக்க வேண்டும்.

கைவாரும் முக்கியம். கையை வளையத்துக்குள் கீழிருந்து மேலாக நுழைத்து, வாரோடு சேர்த்துக் கைப்பிடியைப் பற்று. அப்போது தள்ளும் விசை வாரின் வழியே கோலுக்குப் போகும், விரல் களைக்காது.

எனவே, வெறுங்கையோடு வா. இங்கே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். கிளாசிக்கில் தொடங்கு. கடையில் முதலில் ஸ்கீ காலணியைப் போட்டுக்கொள், பிறகு கோலை அள. பெரும்பாலும் ஐந்தைந்து செ.மீ. இடைவெளியில்தான் வைத்திருப்பார்கள், 130, 135 இரண்டில் எது என்று தயங்கினால், புதிதாகப் பழகும் உனக்கு 130 போதும்.

அன்புடன்,
உன் தோழி