கதவைத் திறந்தவர்கள்

2013 செப்டம்பரில், மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில், தைப்பிங்கை ஒட்டிய கமுந்திங் பேருந்து நிலையத்தில் ஒரு வெளிநாட்டு நிருபர் வந்து இறங்கினார். தோளில் ஒரு பை, கையில் இரண்டு கைப்பேசிகள். தைப்பிங்கில் மழை இன்றைக்கு எத்தனை மணிக்கு வரும் என்று அந்தக் காலத்தில் காசு வைத்துப் பந்தயம் கட்டுவார்கள் என்றேன். சிரித்தார். பையிலிருந்து நோட்டை எடுத்து முதல் வரியாக அதை எழுதிக்கொண்டார்.

நான் நிருபர் இல்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பொழுது போக ஒரு தமிழ் நாளிதழுக்கு ஊர்ச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி, இறப்புச் செய்தி. அந்த மனிதருக்கு வீடுகளுக்குள் போய்ப் பேச வேண்டும், ஆங்கிலமும் தமிழும் தெரிந்த ஒரு பெண் கூட வந்தால் நல்லது என்று பினாங்கில் யாரோ என் எண்ணைக் கொடுத்திருந்தார்கள்.

அதற்கு முந்தைய மாதம்தான் மலேசிய உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டிருந்தது. 04, 08, 36 என்று பலவும் வெறும் எண்கள். அந்தக் கும்பல்களில் இருப்பவர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர்கள் என்றும் சொன்னார்கள். நாட்டு மக்கள்தொகையில் நாம் ஏழு விழுக்காடுதான். பத்திரிகையில் அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த எண்களில் சிலவற்றைப் பையன்களின் சட்டை முதுகில் பார்த்திருக்கிறேன். சாவு ஊர்வலத்தில் கொடியாகப் பார்த்திருக்கிறேன். அந்த முதுகுகளில் சில, என் வகுப்பில் பெஞ்சில் குனிந்து வாய்ப்பாடு எழுதிய முதுகுகள்.

போதைப்பொருளையும் கும்பல் வெட்டையும் பற்றி எழுத வந்திருந்த அவர் தன் பாதுகாப்பு ஏற்பாட்டை எனக்கு விளக்கினார். தினமும் மாலை ஆறு மணிக்கு அலுவலகத்திலிருந்து கூப்பிடுவார்கள். அவர் எடுக்காவிட்டால் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி. அப்போதும் எடுக்காவிட்டால் தூதரகத்துக்குப் போன் போகும். காப்பீடு இருக்கிறது. எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினேன். நான் போன் எடுக்காவிட்டால் யார் தேடுவார்கள் என்ற யோசனை எனக்கு வந்தது. கணவர் இல்லை. மகள் கோலாலம்பூரில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுவாள். அதை அவரிடம் சொல்லவில்லை.

தைப்பிங் என்றால் சீன மொழியில் நிலைத்த அமைதி என்று பொருள். இந்த லாருட் வட்டாரத்தில் ஈயச் சுரங்கங்களுக்காக கீ ஹின், ஹாய் சான் என்ற இரண்டு ரகசியச் சங்கங்கள் வெட்டிக்கொண்டு செத்த பிறகு, 1874இல் பங்கோர் ஒப்பந்தம் முடிந்து, இந்தப் பெயர் வந்தது. வெள்ளைக்கார அரசு அபினுக்குக் குத்தகை விட்டு வரி வாங்கிய காலம் அது. இதைச் சொன்னபோது நிருபரின் கண் விரிந்தது. ஏரித் தோட்டத்தில், தண்ணீர் மேல் சாய்ந்து கிடக்கும் தூங்குமூஞ்சி மரங்களுக்குக் கீழே நடந்துகொண்டிருந்தோம். அங்கிருந்து சற்றுத் தூரத்தில், 1879இல் கட்டிய தைப்பிங் சிறையின் மதில்.

நான் வேலைக்குச் சேர்ந்த தோட்டம் தைப்பிங்கிலிருந்து அரை மணி நேரம். விடியுமுன் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்க, மணி அடிக்கும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போவார்கள். பத்து மணிக்குக் காண்டாக் கம்பில் வாளி தொங்க, பால் கொட்டாய்க்கு வரிசையாக வருவார்கள். ஒட்டுப்பாலின் அந்தப் புளித்த நாற்றம் பிள்ளைகளின் சட்டையிலும் நோட்டிலும் இருக்கும். வீட்டுப்பாட நோட்டுகளை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தால் என் மேசையும் அப்படியே நாறும். இப்போது அந்த நாற்றம் எங்காவது வந்தால் நின்றுவிடுகிறேன்.

அந்தத் தோட்டத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். கள்ளுக்கடை இருந்தது, சம்சு என்ற மலிவுச் சாராயம் இருந்தது, சம்பள நாளில் அடி வாங்கும் பெண்கள் இருந்தார்கள். ஆனால் ஒரு பையன் மூன்று நாள் பள்ளிக்கு வராவிட்டால் லயத்துக்கே போய்க் கூட்டி வரலாம். கோயில் தலைவர் கூப்பிட்டுக் காதைத் திருகுவார். பிறகு தோட்டம் கைமாறியது. பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். கொஞ்சம் பணத்தைக் கையில் கொடுத்து, மூன்று தலைமுறை இருந்தவர்களை வெளியே அனுப்பினார்கள். மலிவு விலை அடுக்குமாடியில் நாலாவது மாடியில் வீடு. பால்வெட்டத் தெரிந்த கைக்குப் பட்டணத்தில் என்ன வேலை? அப்பாக்கள் காவலாளிகளானார்கள், அம்மாக்கள் தொழிற்சாலைக்கும் வீட்டு வேலைக்கும் போனார்கள். பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். அந்தப் படிக்கட்டில் யார் வந்து, ஒரு நல்ல மோட்டாரைக் காட்டி, இந்தச் சின்னப் பொட்டலத்தை அங்கே கொண்டுபோய்க் கொடு, ஐம்பது வெள்ளி தருகிறேன் என்று சொன்னார்கள் என்பதை எந்தப் பட்டியலும் சொல்லவில்லை.

நிருபரை நான் கூட்டிப்போன அம்மாவின் வீடும் அப்படி ஒரு நாலாவது மாடியில்தான். வாசலில் நீல நிறத் தண்ணீர்ப் பீப்பாய், மேல்மாடிக்குத் தண்ணீர் சரியாக ஏறாது. உள்ளே நுழைந்ததும் கருவாட்டுக் குழம்பும் கற்பூரமும் கலந்த வாசம். என்னைப் பார்த்ததும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "வாங்க டீச்சர், எத்தன வருசமாச்சு" என்றாள். இரண்டு மகன்களும் என்னிடம் படித்தவர்கள். மூத்தவன் 2010இல் பிடிபட்டு, 39பி பிரிவில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் அந்தப் பிரிவைத் தோட்டத்துக் கிழவிகள்கூட எண்ணைச் சொல்லித் தெரிந்து வைத்திருந்தார்கள். பதினைந்து கிராம் ஹெராயின் கையில் இருந்தால் கடத்தல்காரன் என்றுதான் சட்டம் முதலில் நினைக்கும். 1983 முதல் அதற்குத் தூக்கு ஒன்றுதான், நீதிபதிக்கு அப்போது வேறு வழி இருக்கவில்லை.

அவள் மூத்தவனின் வெள்ளைச் சட்டையை எடுத்துக் காட்டினாள். வழக்கு நாளுக்குப் போட. துவைத்துக் கஞ்சி போட்டு, இஸ்திரி மடிப்பு கலையாமல் பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தாள். நிருபர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. இதை எழுதும்போதும் அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

"டீச்சர், இவரு எழுதினா எம்புள்ள வந்துருவானா?"

நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

சின்னவன் பத்தொன்பது வயது. அறையிலிருந்து எட்டிப் பார்த்தான், பிறகு வந்து உட்கார்ந்தான். கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினான். எங்கே வாங்குகிறார்கள், எந்த முனையில் கொடுக்கிறார்கள், காசு குறைந்தால் என்ன செய்வார்கள். அவன் குரல் தணியத் தணிய நானும் குரலைத் தணித்து ஆங்கிலத்தில் சொன்னேன். கடைசியில் நிருபர் ஒரு படம் கேட்டார். முகம் வேண்டாம், பின்பக்கம் மட்டும். வாசலில், வெளிச்சத்தைப் பார்த்து நிற்கட்டும். அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா என்னைப் பார்த்தாள். நான் சரி என்றேன்.

கீழே இறங்கி என் காடியை எடுத்தபோது மழை. பின்னால் ஒரு மோட்டார். பெட்ரோல் நிலையம் தாண்டியதும் இரண்டு மோட்டார். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சாலையில் திரும்பினேன், திரும்பியிருக்கக் கூடாது, ஒரு மோட்டார் முந்திப் போய்க் குறுக்கே நின்றது, பிரேக்கை மிதித்தேன், நிருபரின் நோட்டு முன்னால் போய் விழுந்தது, பின்னால் இருந்தவன் இறங்கி வந்தான், தொடையோடு சேர்த்துச் செய்தித்தாளில் சுற்றிய நீளமான ஒன்று, அது என்னவென்று கேட்க வேண்டியதில்லை, கண்ணாடியைத் தட்டினான், நான் இறக்கினேன்.

அவன் ஹெல்மெட் முகப்பைத் தூக்கினான். மழைத் தண்ணீர் மூக்கில் வழிந்தது. இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. அந்தத் தழும்பு எனக்குத் தெரியும். 1998இல், மூன்றாம் ஆண்டு வகுப்பில், பள்ளி ஊஞ்சலில் இருந்து விழுந்தான். என் கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டு, தோட்டத்து மருந்தகத்துக்கு நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"டீச்சர்?"

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வைப்பர் போய்ப் போய் வந்தது. அவன் செய்தித்தாள் சுற்றியதை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். வகுப்பில் மாங்காயை மறைப்பதுபோல.

"போங்க டீச்சர். இந்தப் பக்கம் இனிமே வராதீங்க. வெள்ளக்காரரு நாளைக்கு ஃபிளைட் ஏறிடுவாரு. நீங்க இங்கதான இருக்கணும்."

அதை மட்டும் வரி பிசகாமல் மொழிபெயர்த்தேன். நிருபர் ஒன்றும் பேசவில்லை. ஆறு மணிக்கு அவருடைய போன் அடித்தது. நலமாக இருக்கிறேன் என்றார்.

போதைப்பொருள் வன்முறையைப் பற்றி எழுதுபவர்களின் ஆபத்து என்றால் மெக்சிகோவைத்தான் உலகம் நினைக்கும். அங்கே குலியகானில் 2017 மே 15 அன்று ஹாவியேர் வால்டெஸ் பட்டப்பகலில், தன் பத்திரிகை அலுவலகத்துக்கு அருகில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் வெளியூரிலிருந்து வந்தவர் இல்லை. தன் ஊரில் இருந்துகொண்டு தன் ஊரைப் பற்றி எழுதியவர். பிலிப்பைன்ஸில் டுட்டெர்டே அதிபராகப் பதவி ஏற்கும் முன்பே, பத்திரிகையாளர் என்பதற்காகக் கொலையிலிருந்து யாருக்கும் விலக்கு கிடையாது என்ற பொருளில் பேசினார். நம் பக்கத்திலோ கத்தி மட்டும் இல்லை, சட்டமும் உண்டு. சிங்கப்பூரின் தூக்குத்தண்டனையைப் பற்றிப் புத்தகம் எழுதிய பிரிட்டிஷ் பத்திரிகையாளர் ஆலன் ஷாட்ரேக் 2010 ஜூலையில் அங்கே கைதானார். நீதிமன்ற அவமதிப்பு என்று ஆறு வாரச் சிறை. எழுபது வயதைத் தாண்டியவர்.

இவர்கள் பெயரெல்லாம் எனக்குத் தெரிகிறது, எழுத முடிகிறது. இவர்களுக்குக் கதவைத் திறந்தவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

கட்டுரை அடுத்த மாதம் வெளிவந்தது. நல்ல கட்டுரை. பெயர் இல்லை, ஊர் இல்லை, பையனின் முதுகு மட்டும். ஆனால் படத்தின் ஓரத்தில் அந்த நீலப் பீப்பாய் இருந்தது. வாசல் நிலையில் காய்ந்த மாவிலைத் தோரணமும் இருந்தது. அந்த அடுக்குமாடியில் எல்லோருக்கும் அது யார் வீடு என்று தெரியும். யாரோ கைப்பேசியில் காட்ட, யாரோ அனுப்ப, பத்து நாளில் அது போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. நான் போனபோது பூட்டுத் தொங்கியது. பீப்பாய் அப்படியே இருந்தது, நிறையத் தண்ணீரோடு.

இரண்டு வருடம் கழித்துத் தைப்பிங் சந்தையில் அவளைப் பார்த்தேன். மீன் கடை ஓரத்தில், ஈரத் தரையில் நின்றுகொண்டிருந்தோம். வேறு ஊரில் இருக்கிறார்கள். சின்னவனுக்கு இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. அதை அவள் சத்தமில்லாமல் தன் கையைக் காட்டிச் சொன்னாள். மூத்தவனுக்குத் தூக்கு விதித்துவிட்டார்கள். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"அந்த ஆளுக்காகவா தொறந்தேன்? நீங்க வந்தீங்களேன்னு தொறந்தேன் டீச்சர்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் காதில் இருக்கிறது.

எழுதவே கூடாது என்று முடிவு செய்த வருடங்கள் உண்டு. பிறகு 2022 வந்தது. நம் பேராக் மாநிலத்துத் தஞ்சோங் ரம்புத்தான் பையன் நாகேந்திரன் தர்மலிங்கம். 42.72 கிராம் ஹெராயினைத் தொடையில் கட்டிக்கொண்டு 2009இல் சிங்கப்பூருக்குள் போனவர். அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று நீதிமன்றத்திலேயே பேசப்பட்டது. ஏப்ரல் 26 அன்று அவருடைய அம்மா நீதிமன்றத்தில் நின்று கெஞ்சினார். முறையீடு தள்ளுபடியான பிறகு, கண்ணாடித் தடுப்பின் இடைவெளியில் மகனின் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் விடியலில் தூக்கு. அந்தக் கை, அந்த இடைவெளி எல்லாம் உலகத்துக்குத் தெரிந்தது அங்கே நிருபர்கள் இருந்ததால்தான். அவர்கள் எழுதியதால் அவர் பிழைக்கவில்லை. ஆனால் 42.72 கிராம் என்ற எண்ணுக்கு ஒரு தாய் இருந்தாள் என்பது அழியாமல் நின்றது. 2025 அக்டோபர் 8 அன்று ஈப்போவைச் சேர்ந்த பன்னீர் செல்வமும் அங்கே தூக்கிலிடப்பட்டார்.

இங்கே 2023 ஜூலையில் கட்டாய மரண தண்டனை நீங்கியது. ஏற்கெனவே தண்டிக்கப்பட்டவர்களின் தண்டனையைக் கூட்டரசு நீதிமன்றம் மறுபடி பார்த்தது. அந்த நாலாவது மாடி அம்மாவின் மூத்த மகனுக்கு 2024இல் தூக்கு நீங்கி, பிடிபட்ட நாளிலிருந்து முப்பது வருடச் சிறை என்று ஆனது. போனில் எனக்குச் சொல்லும்போது விரல் விட்டு எண்ணினாள். 2040. "எனக்கு அப்ப எழுவத்தொம்பது டீச்சர். இருந்துருவேன்."

எனக்கு இப்போது எழுபது. 1998ஆம் ஆண்டு வருகைப் பதிவேட்டின் நகல் ஒன்று என் பீரோவில் இருக்கிறது. மூன்றாம் ஆண்டு, பதினோரு பெயர்கள். ஒருவர் செவிலியர், ஒருவர் லோரி ஓட்டுகிறார், இருவர் ஆசிரியர்கள். இருவர் வெட்டுப்பட்டுச் செத்தார்கள். புருவத்தில் தழும்புள்ளவன் அதில் ஒருவன். அவன் சாவுச் செய்தியை நான்தான் நாளிதழுக்கு எழுதினேன், நாலு வரி.

இப்போதும் சில இளம் நிருபர்கள் என்னைத் தேடி வருகிறார்கள். நல்ல பிள்ளைகள். போக வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. ஆறு மணிக்கு உங்களைக் கூப்பிட ஆள் இருக்கிறது, அந்த வீட்டுக்காரர்களை ஏழு மணிக்கு, அடுத்த மாதம், அடுத்த வருடம் யார் கூப்பிடுவார்கள் என்று மட்டும் கேட்கிறேன். படத்தின் நடுவைப் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள் என்கிறேன்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன், அவளைத் தேடிப் போய் முழுதும் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நாலாவது மாடி, பீப்பாய், சட்டை எல்லாம் இருக்கட்டும் என்றாள். அந்த வீட்டில்தான் இப்போது யாரும் இல்லையே. வேறு இரண்டு இடங்களில் கையைக் காட்டி, இது வேண்டாம் டீச்சர் என்றாள்.

எடுத்துவிட்டேன்.